கிணற்றைச் சுற்றிய பாத்திகள்

யூரியாவை ஈரக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வயதுக்காரர், அதுவும் தோட்டக்காணிப் பக்கம் வளர்ந்தவர்கள், பார்த்திருப்பீர்கள். சவ்வரிசி போல வெள்ளையாக இருக்கும். ஈரம் பட்டதும் உள்ளங்கை சில்லென்று குளிரும். மாசி, பங்குனி வெயிலில் அந்தக் குளிருக்காகவே நான் பசளைப் பையடியில் போய் நிற்பேன். ஒருவரும் ஏசியதில்லை. அது ஏசவேண்டிய சாமான் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொழும்பில் கலவரம் நடந்து, கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நீர்வேலிக்குக் கிட்ட, அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் வளவும் கனகாலம் பூட்டிக் கிடந்தன. அதைத் திறந்து, வௌவால் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டுக் குடியிருந்தோம். அப்பா கொழும்பில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர். வரைபலகை, மைக்கூடுகள், வெல்வெட் போட்ட பெட்டிக்குள் கவராயங்கள் எல்லாம் வீட்டோடு எரிந்துபோயின. மிஞ்சியது அவருடைய சேட்டுப் பையில் இருந்த ஒரு பென்சிலும் என்னுடைய பள்ளிக்கூட அடிமட்டமும்தான். அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான்.

அந்த ஊரில் படம் வரைய ஒருவரும் கூப்பிடவில்லை. அப்பா சில நாள் வாசற்படியில் இருந்தார். பிறகு ஒருநாள் எழும்பி, "வளவு சும்மாதானே கிடக்குது, மரக்கறி வைச்சுப் பாப்பம்" என்றார்.

அடுத்த ஒழுங்கையில் இருந்த மாமி, அப்பாவின் தமக்கை, அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ கத்தரிக்காயைக் கறியிலை கண்டதல்லாமல் செடியிலை கண்டிருக்கிறியோ?"

உண்மையில் அப்பா கண்டதில்லை. முதலில் வெண்டி போட்டார். நூல் கட்டி, அடிமட்டம் வைத்து, விதைக்கு விதை இடைவெளி பிசகாமல் ஊன்றினார். விரல் முழுவதும் உள்ளே போகுமட்டும் ஆழமாகக் குத்தினார். உச்சி வெயிலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வேலிக்கு அங்காலே புகையிலை போட்டிருந்த தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொழும்புத் தம்பி, விதையைப் போட்டனீரோ, தாட்டனீரோ?" என்று கேட்டார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அங்கொன்று இங்கொன்றாக முளைத்ததையும் மாமி வீட்டுக் கோழிகள் வந்து கிளறிவிட்டுப் போயின.

அதற்குப் பிறகு தக்காளி. ஐப்பசி மழை பிடித்து நாற்றுமேடையில் தண்ணீர் நின்றது. கன்றுகள் ஒவ்வொன்றாகக் கழுத்தில் கறுத்துச் சாய்ந்தன. அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் குந்தியிருந்து, கையால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டார். அந்தக் கைகள் வெடித்து, நகத்துக்குள் செம்பாட்டு மண் ஏறி, சவர்க்காரம் போட்டாலும் போகாத நிறத்துக்கு வந்துவிட்டன. அம்மா அந்தக் கைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்லெண்ணெய் தடவிவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டதை நான் கடைசியாகக் கண்டது அந்தக் காலத்தில்தான்.

கார்த்திகையில் தம்பி பிறந்தான். நல்ல கொழுத்த பிள்ளை, தலை நிறைய மயிர். அப்பா அவனைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெறும் நிலத்தைக் காட்டுவார். "இஞ்ச பார், உதிலைதான் உன்ரை தோட்டம் வரப்போகுது."

மழை விட்டதும் அப்பா கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். நடுவில் கிணறு. அதைச் சுற்றி, வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் மாதிரிப் பாத்திகள். தண்ணீர் தூரம் ஓடினால் மண் குடித்துவிடும் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அதனால் எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்துவிட்டார். மாட்டெருக் கும்பியும் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்திலேயே. வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் எருவைக் கொட்டி, யூரியாவையும் அதற்குள் போட்டுவிட்டால், இறைக்கிற தண்ணீரே அதைக் கரைத்து ஒவ்வொரு பாத்திக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்ல யோசனை என்று தோட்டக்காரரே ஒத்துக்கொண்டார். ஊரில் இரண்டொருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அப்பா நிமிர்ந்து நடந்தது அந்த நாட்களில்தான்.

கிணறு ஒன்றுதான். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதில்தான். நல்ல தண்ணீர், கண்ணாடி மாதிரி. மாமி தன் வீட்டுக் கிணறு உப்புச் சவர் என்று எங்களிடம்தான் குடத்தோடு வருவார்.

தை மாதம் கத்தரி நட்டார். இந்த முறை ஒன்றும் பிசகவில்லை. தோட்டக்காரரின் இறைப்பு மிசினை வாடகைக்கு வாங்கி, அது மண்ணெண்ணெய் மணத்தோடு படபடவென்று அடிக்க, நானும் அப்பாவும் கால் நனைய நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவோம். அப்பா பசளை போடக் கையைச் சுருக்கினால் தோட்டக்காரர் வேலிக்கு மேலால் சத்தம் போடுவார்.

"என்ன தம்பி, உப்புப் போடுற மாதிரிப் போடுறீர்? உந்தச் செம்பாடு சும்மா தராது. அள்ளிப் போடும்."

"கூடிப்போனால் எரிஞ்சு போகாதோ அண்ணை?"

"தண்ணியைக் கூட விட்டால் எரியாது. ஊர் முழுக்க உப்பிடித்தான் செய்யுது."

அப்பா அள்ளிப் போட்டார். தண்ணீரையும் கூட விட்டார். இலைகள் கரும்பச்சையாக, யானைக் காது மாதிரி விரிந்தன.

அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு மார்பில் பால்கட்டு வந்தது. காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. தம்பி வாய் வைத்தால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவார். சத்தம் வெளியே வராமல் இருக்கச் சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொள்வார். சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருந்த அப்போதிக்கரி வந்து, கட்டை வெட்டிச் சீழை எடுத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குப் பால் கொடுக்க வேண்டாம், கடையில் பால்மா வாங்கிக் கரைத்துக் கொடுங்கள் என்றார். புண் ஆறியபோது பால் வற்றிவிட்டது. முருங்கையிலை, சுறாமீன் என்று மாமி கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் சாப்பிட்டும் வரவில்லை.

பால்மா ரின்னைத் திறக்கும்போது ஒரு இனிப்பு மணம் வரும். எனக்கு ஒரு கரண்டி தருவார்கள். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தம்பியும் ஆசையாகத்தான் குடித்தான்.

பிறகு அவனுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. அப்போதிக்கரி அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணியிலைதான் பிள்ளை கிருமி. நல்லாக் காய்ச்சி ஆறவிட்டுக் குடுங்கோ. அதிலை மட்டும் அலுப்பு, பஞ்சி பாக்கக் கூடாது."

அம்மா பஞ்சிப்படவில்லை. விடிய எழும்பிப் பானையை வைப்பார். கொதித்ததை இறக்கி, மூடி, திரும்பவும் ஏற்றுவார். மூன்று தரம் கொதிக்க வைத்து, பானையில் அரைவாசிக்குக் கீழே வற்றிய தண்ணீரைத்தான் போத்தலுக்கு எடுப்பார். வீட்டுக்குள் எந்நேரமும் புகை. அம்மாவின் கண்கள் சிவந்துபோய் இருக்கும். "இவ்வளவு விறகு எரிக்க வேணுமோ?" என்று மாமி கேட்டால், "என்ரை பிள்ளைக்குத்தானே மச்சாள்" என்பார்.

தம்பி முதலில் சோர்ந்தான். அழுகை மெலிந்தது. ஒருநாள் காலையில் அவனுடைய வாயைப் பார்த்து நான்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. துடைத்தால் போகவில்லை. கை நகங்களும் அப்படித்தான்.

"குளிர் பிடிச்சிட்டுது" என்றார் அப்பா. கம்பளி சுற்றினோம். பங்குனி வெயிலில் கம்பளிக்குள் அவன் வேர்த்தான். நிறம் மாறவில்லை.

"இது குளிர் இல்லைத் தம்பி, யாரோ கண் பட்டது. உன்ரை தோட்டத்தைப் பாக்க வாற சனம் ஒண்டோ ரெண்டோ?" மாமி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டார்.

அடுத்த நாள் பத்து மணிபோல் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அப்போதிக்கரி நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். குதிக்காலில் ஊசியால் குத்தினார். நான் மேசை உயரத்தில் நின்றதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வந்த இரத்தம் சிவப்பாக இருக்கவில்லை. ஆறிப்போன கோப்பி மாதிரி இருந்தது. அவர் அதைப் பஞ்சில் ஒற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, திரும்பவும் பார்த்தார்.

"எனக்கு விளங்கேல்லை" என்றார். "இருதயத்திலை ஓட்டையா இருக்கலாம். இஞ்சை வைச்சிருக்கக் கூடாது. உடனை பட்டினத்துக்குக் கொண்டு போங்கோ."

வாடகைக் கார்க்காரர் வரமாட்டேன் என்றார். ஆமி ட்ரக் தெருவில் ஓடுகிறது, பின்னேரம் பார்ப்போம் என்றார். அப்பா அவருடைய படலையைப் பிடித்துக்கொண்டு நின்று கெஞ்சினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முந்தைய கிழமை அவருடைய மச்சானைத் தெருவில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தெரு அடங்கிக் கார் புறப்பட நாலு மணியாகிவிட்டது. அம்மா பின்சீற்றில் தம்பியை மடியில் வைத்திருந்தார். நான் பக்கத்தில். காருக்குள் பெற்றோல் மணம். அம்மா காய்ச்சிய தண்ணீரில் பால் கரைத்துப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். வழியில் தம்பி முனகினான். அம்மா போத்தலை வாயில் வைத்தார். இரண்டு மிடறு குடித்தான். பிறகு குடிக்கவில்லை. சிறிது தூரம் போனதும் அம்மா, "காரைத் திருப்பச் சொல்லுங்கோ" என்றார்.

அப்பா முன்சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்தார். "ஏன்?"

"திருப்பச் சொல்லுங்கோ."

கார்க்காரர் திருப்பினார்.

அடுத்த நாள் பின்னேரம் ஆம்பிளைகள் நாலைந்து பேர் அவனைக் கொண்டுபோனார்கள். அம்மா அழவில்லை. அடுப்படியில் குந்தியிருந்து, அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வந்திருந்த பெண்களுக்கு நடுவில் இருந்து சொன்னது முழு வீட்டுக்கும் கேட்டது.

"தாய்ப்பால் குடிச்ச பிள்ளை இப்பிடிப் போகாது. நோகுது எண்டு நிப்பாட்டிப்போட்டு மாவைக் கரைச்சுக் குடுத்தால் என்ன நடக்கும்? எனக்கும்தான் கட்டு வந்தது. நான் குடுக்கேல்லையோ?"

மாமிக்கு என் தம்பியில் உயிர். அந்த வாயால் வந்தது வேதனைதான் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. விளங்கி என்ன. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சனம் போனபிறகு, நான் பாயில் படுத்திருக்க, அவரிடம் போய்க் கேட்டார்.

"நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?"

அப்பா சொன்னார்: "நீர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

அவ்வளவுதான். ஏசவில்லை, கை நீட்டவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. தம்பிக்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

கத்தரி அந்த முறை காய்த்த மாதிரி அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் காய்க்கவில்லை. செடி நிலத்தில் படுத்துவிடாமல் கம்பு ஊன்ற வேண்டியிருந்தது. ஊதா நிறத்தில், எண்ணெய் பூசினது மாதிரி மினுங்கும் காய்கள். அப்பா இரவு பகல் என்று பாராமல் அதற்குள்ளேயே கிடந்தார். பசளையை முன்னையைவிட அள்ளிப் போட்டார். காய்களைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் அச்சுவேலிச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, வாங்குகிறவர்கள் யாருடைய தோட்டம் என்று விசாரித்தார்களாம். தோட்டக்காரர் ஒரு காயைக் கையில் எடுத்து நிறை பார்த்து, "தம்பி, நீர் இனிக் கொழும்பார் இல்லை. தோட்டக்காரன்தான்" என்றார். அப்பா சிரித்தார். தம்பி போனபிறகு முதல் தரம் சிரித்தார். அடுப்படி யன்னலுக்குள் நின்று அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்தக் கத்தரிக்காயில் அம்மா பால்கறி வைத்தார். அவர் சாப்பிடமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சோறு போட்டுச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு தரமும் போட்டுச் சாப்பிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை. நானும் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் கதையை இவ்வளவு காலமும் நான் இப்படித்தான் வைத்திருந்தேன். இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த ஒரு தம்பி, பால் வற்றிப்போன ஒரு அம்மா, கார் கிடைக்காத ஒரு பகல். உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் இருந்தது. அப்பா தோட்டம் செய்தே வயதாகி, சில வருடங்களுக்கு முன் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்னோடு, அதே வீட்டில்தான் இருக்கிறார்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். குடும்பநல மாது, சின்னப் பெட்டை, ஸ்கூட்டரில் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தாய்க்குச் சொன்னாள்:

"தாய்ப்பால் மட்டும்தான். எப்பவாவது மா கரைக்க வேண்டி வந்தாலும் இந்தக் கிணத்துத் தண்ணியிலை கரைக்காதேங்கோ. இந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளிலை பசளை இறங்கியிருக்கு. பெரிய ஆக்களுக்குத் தெரியாது. கைக்குழந்தையள் நீலம் பாரிச்சுப் போகும்."

"காய்ச்சிக் குடுத்தாலோ?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கிருமி எண்டால் காய்ச்சினால் சாகும். இது உப்பு மாதிரி. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும்."

"அப்பிடி வந்த பிள்ளையின்ரை இரத்தம் என்ன நிறமா இருக்கும் தங்கச்சி?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். "மண்ணிறமா வரும் எண்டு படிப்பிச்சவை. நான் கண்டதில்லை. ஏன் அன்ரி?"

"சும்மாதான்" என்றேன்.

அம்மாவுக்கு இதைச் சொல்வதில்லை என்றுதான் முடிவு செய்தேன். நிச்சயம் என்று யார் சொல்ல முடியும்? அந்த அப்போதிக்கரி சொன்னதும் ஊகம்தான், இதுவும் ஊகம்தான். சொன்னால் அம்மாவின் தலையிலிருந்து இறக்கி அப்பாவின் தலையில் வைக்க வேண்டும். அந்த மனிதர் தன் பிள்ளைக்கென்றுதானே அந்தப் பாத்திகளைக் கீறினார்.

ஆனால் சில மாதங்களின் பின் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்து, "நொந்தாலும் பால் குடு பிள்ளை. நான் பொறுக்காமல் விட்டு என்ரை ஆம்பிளைப் பிள்ளையைத் துலைச்சனான்" என்றார். அதிகம் பழகாத ஒரு பெண்ணிடம், வெட்கமில்லாமல், ஏதோ தன் ஊர் பேர் சொல்வது போலச் சொன்னார். இத்தனை வருடமாக அதைத் தனக்குள் எத்தனை தரம் சொல்லியிருந்தால் இவ்வளவு லேசாக வாயில் வரும்.

அந்தப் பெண் போனதும் நான் அம்மாவின் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பசளை, கிணறு, நீல வாய், மண்ணிற இரத்தம். "உங்கடை பிழை இல்லை அம்மா. பால் வத்தினது ஒருத்தற்றை பிழையும் இல்லை. தண்ணிதான்" என்றேன். காய்ச்சுவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததைக் கண்டேன். அப்பாவை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் காய்ச்சித்தானே குடுத்தனான்" என்றார். "காய்ச்சினால் உது போகாதோ?"

போகும் என்று சொன்னால், தம்பியைக் கொன்றது தண்ணீர் இல்லை என்றாகிவிடும். பழையபடி பால்தான். போகாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தேடினேன். அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை.

"சொல்லன்" என்றார் அம்மா.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்.

"மூண்டு தரம் காய்ச்சினனான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட எழும்பி வரவில்லை. அதன் பிறகு ஒருநாளும் அடுப்படிக்குள் வரவில்லை. நான்தான் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்கி, ஆறவிட்டு, குடிக்காமல் வைத்துவிடுகிறார்.